முப்பத்தோராம் குழாய்

கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் சத்தம் கேட்டதும் எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். கணவரின் அம்மாவான என் மாமி மட்டும் மேலே ஏறுவார். கல்லடியில் எங்கள் வீட்டுக்கு அப்போது மேல்மாடி கட்டி முடியவில்லை. கொங்கிறீட் தளம் மட்டும் போட்டிருந்தது. தூண்களுக்கு விட்ட கம்பிகள் துருப்பிடித்து நின்றன. கைப்பிடி இல்லாத அந்தப் படிகளில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனுசி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறியதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கலியாணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. விழுந்துவிடப் போகிறார் என்ற பயத்தில் பின்னால் ஓடினேன். மாமி தளத்தின் ஓரத்தில் நின்று வாவிக்கு அப்பால் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. செபம் சொல்கிறார் என்று நினைத்து நானும் பேசாமல் நின்றேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவும் அப்பாவும் அங்கே கரடியனாற்றில் இருந்தார்கள். வயலையும் மாடுகளையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா நின்றுவிட்டார். விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து எங்கள் தலைக்கு மேலாக வாவியைக் கடந்து போகும். தூரத்தில் ஒன்று குத்திட்டு இறங்கி, மறுபடி மூக்கை நிமிர்த்தும் கணத்தில் மாமி எண்ணத் தொடங்குவார். குண்டுச் சத்தம் வந்து தளத்தை அதிரச் செய்ததும் நிறுத்துவார். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று செக்கன் எடுக்கும் என்று அன்றைக்கு எனக்குச் சொன்னார். அவர் எண்ணியது முப்பத்தாறு. அப்படியென்றால் பன்னிரண்டு கிலோமீற்றர், வவுணதீவுக்கு அங்கால் எங்கோ. கரடியனாறு என்றால் அறுபதுக்கு மேல் போக வேண்டும். “உன்ட அம்மாவங்க இரிக்கிற இடமில்ல புள்ள,” என்றார். எனக்கு உடம்பெல்லாம் இளகிப்போனது. அது வேறு யாருடைய அம்மாக்கள் இருந்த இடம் என்ற நினைப்பு படியிறங்கி வந்த பிறகுதான் வந்தது.

அதற்குப் பிறகு நானும் அவரோடு ஏறத் தொடங்கினேன். வேறு வழி எனக்கு இருக்கவில்லை. தொலைபேசி வேலை செய்யாது, பாதை திறப்பதும் மூடுவதும் இராணுவத்தின் இஷ்டம். மாமியின் உதட்டிலிருந்து வரும் அந்த ஓர் எண்தான் என் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு எனக்கிருந்த சாட்சி.

மாமி பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அதற்கு முன், இருபத்துமூன்று வயதில், பொறியியல் படிக்கப் போன மாமாவோடு இங்கிலாந்துக்குப் போய் நான்கு வருடம் இருந்தவர். வீட்டு முன்கூடத்துச் சுவரில் இரண்டு பேரும் தடித்த கோட் போட்டுப் பனியில் நிற்கும் படம் தொங்கியது. அங்கே மாமி ‘கணக்கு வேலை’ செய்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். ஏதோ கடையிலோ கந்தோரிலோ கணக்கு எழுதியிருப்பார் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவரும் திருத்தவில்லை.

நான் நில அளவைக் கந்தோரில் படவரைஞர். அளவையாளர்கள் வயலிலும் காட்டிலும் எடுத்துவரும் எண்களைக் கோடுகளாக்குவது என் தொழில். அதனாலோ என்னவோ, மாமி தன் மகனிடம் பேசாத சில விஷயங்களை என்னிடம் பேசுவார். பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது ஒருநாள், இயந்திரத் தோணியொன்றைக் காட்டி நிறுத்தினார். தோணி மெல்லப் போகும்போது அது எழுப்பும் சிற்றலை அதற்கு முன்னாலேயே ஓடித் தண்ணீருக்குச் செய்தி சொல்லிவிடுகிறது, தண்ணீர் விலகி வழிவிடுகிறது. தோணி அலையைவிட வேகமாகப் போனால் செய்தி முன்னால் போகமுடியாது. தண்ணீர் கடைசி நேரத்தில்தான் அறிகிறது. இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி எழும்பி நிற்கிறது. காற்றும் அப்படித்தான் என்றார். ஒலியின் வேகம்தான் காற்றுக்குள் செய்தி ஓடும் வேகம். ஜெட் இயந்திரம் வந்ததும் அந்த வேகத்தைத் தொடும் பலம் விமானங்களுக்குக் கிடைத்துவிட்டது. அங்கே காற்று என்ன செய்யும் என்பது மட்டும் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. விமானங்கள் உதறின. விமானி இழுத்தாலும் தள்ளினாலும் பிடி அசையவில்லை. சிலர் திரும்பி வந்து சொன்னார்கள், சிலர் வரவில்லை. இவ்வளவையும் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மீன் வாங்க வேண்டும் என்று நடக்கத் தொடங்கினார். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கணித ரீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஏதோ கதவடைப்பு, கந்தோர் இல்லை. காலை பத்து மணியளவில் இரண்டு விமானங்கள் வந்தன. ஏறினோம். அவை போன திசை எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கத்தைவிடத் தூரமாகப் போய், பனைகளுக்கு மேலே இரண்டு ஊசிமுனை போலத் தெரிந்து, ஒன்று கீழே இறங்கியது. மாமியின் உதடு அசையத் தொடங்கியது. நானும் என்பாட்டில் எண்ணினேன். இருபதுவரை சரியாக எண்ணியிருப்பேன். அதன்பிறகு நெஞ்சு அடித்த அடியில் எண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. முப்பத்திரண்டா நாற்பத்திரண்டா என்று தெரியவில்லை. தளத்தில் அந்த மெல்லிய அதிர்வு வந்தபோது மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், நாற்பத்திரண்டு என்றார். சொல்லிவிட்டுக் கீழே இறங்கித் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார். நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து வந்துசேர்ந்தது. கல்லடியில் ஒரு பாடசாலை வளவில் உழவு இயந்திரப் பெட்டியொன்றிலிருந்து என் அம்மா இறங்கினார். அப்பாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். வலது காலில் சாரத் துண்டு சுற்றியிருந்தது, அதில் ஈ மொய்த்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் பின்னால் குளக்கட்டடியில் குண்டு விழுந்தது என்று அம்மா சொன்னார். மூன்று நாள் மருந்தில்லாமல் கிடந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் காலைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார்.

அடுத்த நாள் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மாமி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அறுபத்திநாலு புள்ள. நான் எண்ணினது அறுபத்திநாலு. உனக்குப் பொய் சொல்லிற்றன்.”

நான் துருவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. பாதை மூடித்தான் இருந்தது. போகவிட்டிருப்பார்களோ இல்லையோ, பாலத்தடியில் போய் நின்று அழுதிருப்பேன், யாரையாவது பிடித்திருப்பேன். அதனால் அப்பாவின் விரல்கள் தப்பியிருக்குமா என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன் என்று மாமி சொல்லவில்லை. சாட்டு எதுவும் சொல்லவில்லை. “இது ரெண்டாந்தரம்,” என்றார். “காணாத இலக்கத்தைக் கண்டன் எண்டு நான் சொன்னது இது ரெண்டாந்தரம்.”

அன்றைக்குத்தான் அந்தக் ‘கணக்கு வேலை’ என்னவென்று எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் மாமி வேலை செய்தது அதிவேக விமானங்களைப் பற்றிய ஆய்வுகூடமொன்றில். இரும்புத் தாங்கிகளில் காற்றை அடைத்துவைத்து, ஒரு பெரிய குழாய்க்குள் திடீரென்று திறந்துவிடுவார்கள். கட்டடமே ஊளையிடும், அரை நிமிடம்கூட நீடிக்காது. அந்தக் காற்றுக்குள் கைவிரல் அளவில் செய்த விமான வால் ஒன்று நிற்கும். அதன் உடம்பில் ஊசித் துளைகள் இருக்கும். துளைக்கு ஒன்றாகக் கண்ணாடிக் குழாய்கள், குழாய்களில் பாதரசம். ஒவ்வொரு துளையிலும் காற்று அழுத்துகிற அளவுக்கு அந்தப் பாதரசம் ஏறும், இறங்கும். அதைப் படம் பிடித்து அடுத்த அறைக்கு அனுப்புவார்கள். அங்கே பதினொரு பெண்கள் பூதக்கண்ணாடி வைத்து உயரங்களை வாசித்து, கையால் சுற்றும் கணக்கு இயந்திரங்களில் பெருக்கி, அட்டவணை எழுதுவார்கள். மாமி அவர்களில் ஒருத்தி. அந்த அறைக்குத் தலைவியாக இருந்தவர் அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரப் பெண். ஏதாவது குழாய் விநோதமாகக் காட்டினால் அதைச் சிவப்புப் பென்சிலால் சுற்ற வேண்டும், தாமாக மாற்றக்கூடாது என்பது அவருடைய விதி. சுற்றியதைச் சரிபார்க்கக் காற்றை மறுபடி திறந்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு கிழமையில் மாமி இரண்டு குழாய்களைச் சுற்றினார். இரண்டும் குழாயின் பிழையில்லை, வாசித்ததுதான் பிழை என்று தெரியவந்தது. சிலோன் பெண்ணுக்குப் பாதரசம் பார்க்கத் தெரியாதோ என்று பொறியியலாளர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது என்றார் மாமி. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை வந்த படத்தில் முப்பத்தோராம் குழாய் பக்கத்துக் குழாய்களோடு சேராமல் எகிறி நின்றது. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டிய ஓட்டம் அது. மூன்று தரம் பார்த்தார். மூன்று தரமும் அதே உயரம். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். முப்பதாம் குழாய்க்கும் முப்பத்திரண்டாம் குழாய்க்கும் நடுவில் பொருந்துகிற ஓர் இலக்கத்தை எழுதினார். கோடு அழகாக வந்தது.

சில மாதங்களின் பின் அந்த வாலை வைத்த விமானம் பறக்கத் தயாரானது. அதை ஓட்டப்போகும் விமானி ஒருநாள் கணக்கு அறைக்கு வந்தார். ஆய்வுகூடத்தில் அவரைச் செல்லப் பெயர் ஒன்றால்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வால் கணக்குகளைச் செய்தது யார் என்று கேட்டு, மாமியிடம் வந்து கைகொடுத்து, உங்கள் இலக்கங்களின் மேல்தான் நான் உட்காரப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாமியால் அப்போதாவது சொல்லியிருக்க முடியும். நீட்டிய கையைக் குலுக்கியதோடு சரி. விமானம் ஆறு தரம் நல்லபடியாகப் போய்வந்தது. ஏழாந்தரம் அதிவேகத்தில் போகும்போது வயல்வெளியொன்றில் விழுந்தது. விமானி தப்பவில்லை. செய்தி வந்தபோது அறையில் பதினொரு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதை மாமி எனக்குச் சொன்னார். அடுத்த நாள் பத்திரிகையில் அவருடைய முழுப்பெயரும் படமும் வந்திருந்ததாம். மாமி அதை விரிக்கவில்லை. ஏன் விழுந்தது என்ற விசாரணை முடிவதற்குள் மாமாவின் படிப்பு முடிந்து கப்பலேறிவிட்டார்கள். மாமாவிடம் அவர் இதைச் சொன்னதில்லை. மாமா தெரியாமலே செத்துப்போனார்.

சொல்லி முடித்ததும், மகனுக்கும் சொல்லாதே, நீயும் மறந்துவிடு என்றார். நான் தேங்காய்ப்பூவைப் பிழியத் தொடங்கினேன். அவரை மன்னித்தேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. அப்பாவின் காலுக்குத் தினமும் மருந்து கட்டியது மாமிதான். கட்டி முடித்ததும் ஒவ்வொரு நாளும் அந்தப் பாதத்தை ஒரு கணம் கையில் ஏந்திக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து என் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

யுத்தம் முடிந்தது. அம்மாவும் அப்பாவும் ஊருக்குத் திரும்பினார்கள். மேல்மாடியைக் கட்டி முடித்தோம். வருடங்கள் ஓடின. மாமிக்கு எண்பத்தெட்டு வயதானபோது இதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். படியேறக்கூடாது, உப்புக் கூடாது, மனதில் கவலை கூடாது. அந்தக் கடைசியை எங்கே வாங்குவது என்று அவர் எழுதித் தரவில்லை. அந்த நாட்களில்தான் மாமி தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ‘முப்பத்தொண்டு’ என்று முணுமுணுக்கத் தொடங்கினார். என் கணவர் பயந்துபோய், அது என்ன இலக்கம் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பார்க்க வந்த சபைப் பெண்கள் அது பாட்டுப் புத்தகத்து இலக்கமாக இருக்கும் என்று முடிவுசெய்து, முப்பத்தோராம் பாட்டைக் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர்கள் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

வெள்ளைக்காரங்கள் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆக்கள், அந்த விமானம் ஏன் விழுந்தது என்றும் எழுதி வைத்திருப்பார்கள், உன் போனில் தேடிப் பார் என்றார். தேடி என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். என் குரலில் இருந்த பயம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“கெட்டதெண்டாலும் எனக்குத் தெரிய வேணும் புள்ள. நான் உனக்குச் செஞ்சதை நீ எனக்குச் செஞ்சிராத.”

ஆய்வுகூடம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. அதன் பத்திரங்கள் ஒரு நூலகத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தேன். என் கந்தோர் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு தரம் அழித்து எழுதினேன். என் மாமி அங்கே வேலை செய்தவர், மிகவும் வயதானவர், இந்த விமானத்தின் விசாரணை அறிக்கையும் வாலின் அழுத்த அட்டவணையும் பார்க்க விரும்புகிறார் என்றேன். ஏன் என்று எழுதவில்லை. இரண்டு பெட்டிகள் இருக்கின்றன, தேட நாளெடுக்கும் என்று ஒரு பெண் பதில் அனுப்பினார்.

அதன்பிறகு காத்திருந்த கிழமைகள் மாரி காலத்தில் போயின. மாமி வாயால் கேட்கமாட்டார். நான் கந்தோரால் வந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்ப்பார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு தடவை மூச்சு முட்டி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வார்ட்டில் அவருடைய கையைப் பிடித்தபடி மறு கையால் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் வருமுன் போய்விடுவாரோ என்று பயம். பதில் வந்து, அதைக் கேட்டுப் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம். வராமலே இருக்கட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்றைக்கு முழுக்க அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதில் ஒரு புதன்கிழமை மதியம் கந்தோரில் இருக்கும்போது வந்தது. இரண்டு இணைப்புகள். ஒன்று விசாரணை அறிக்கை, மற்றது வால் அட்டவணை. என் விரல் முதலாவதின் மேல் போய் நின்றது. திறந்து பார்த்துவிட்டால் என்ன? நல்லதென்றால் ஓடிப்போய்ச் சொல்லலாம். கெட்டதென்றால், எண்பத்தெட்டு வயது, களைத்த இதயம், கவலை கூடாது என்று டொக்டரே சொல்லியிருக்கிறார். அறிக்கை கிடைக்கவில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். யாருக்கும் தெரியவராது. அந்த நேரத்தில், கொங்கிறீட் தளத்தில் என்னைப் பார்க்காமல் நின்ற மாமியின் முகம் எனக்கு விளங்கியது. இத்தனை வருடத்தில் அதை நான் விளங்கிக்கொண்டதேயில்லை. எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது அந்தப் பொய். போனைக் கைப்பைக்குள் போட்டு அடைத்தேன். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பாலத்தில் காற்றும் மழையும் பக்கவாட்டில் அடித்தன.

மதியமே நேரத்தோடு வந்து நின்றதும் மாமிக்கு விளங்கிவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார், தலையணையை முதுகுக்கு உயர்த்தச் சொன்னார், சேலையைச் சரிசெய்தார். கணவர் வர இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. மாத்திரைகளையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து திறந்தேன்.

மங்கலான தட்டச்சு எழுத்து. வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். அன்றைய வானிலை, உயரம், வேகம், வயலில் உழுதுகொண்டிருந்தவர்கள் கண்டது. விழுந்த காரணம் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ஜெட் இயந்திரத்துக்குள் சுழலும் சக்கரத்தின் தகடு ஒன்று அடியில் வெடிப்புக் கண்டு முறிந்திருக்கிறது. முறிந்த துண்டு எரிபொருள் குழாயை அறுத்துத் தீப்பிடித்திருக்கிறது. வால் முழுதாகக் கிடைத்தது, அதில் பழுதொன்றும் காணப்படவில்லை. அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்று தரம் வாசித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி அழவில்லை. மூச்சை மட்டும் எண்ணி எண்ணி விடுவதுபோல விட்டார். மற்றதைத் திற என்றார்.

எனக்கு அது தேவையாகப் படவில்லை. விமானம் விழுந்ததற்கும் வாலுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தாயிற்று. மாமி கையை நீட்டியபடியே இருந்தார். அட்டவணையைத் திறந்தேன். நெருக்கமாக எண்கள், பக்கம் பக்கமாக. அவர் சொன்ன ஓட்டத்தைத் தேடி, விரலால் கீழே இறங்கி முப்பத்தொன்றுக்கு வந்தேன். அந்த இலக்கத்தின் பக்கத்தில் கையால் போட்ட சிறு நட்சத்திரம் இருந்தது. பக்கத்தின் அடியில் கையெழுத்தில் ஒரு குறிப்பு: முப்பத்தோராம் குழாயின் முதல் வாசிப்பு ஏற்கப்படவில்லை, மறுபடி ஓட்டி மாற்றப்பட்டது. கீழே இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம். அதை உரக்க வாசித்ததும் அறைத் தலைவியின் எழுத்து என்று மாமி சொன்னார். குறிப்பில் இருந்த தேதியைக் கேட்டார். சொன்னேன். விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். அவர் அந்த இலக்கத்தை எழுதியதற்கு மூன்றாம் நாள், திங்கட்கிழமை.

“மாத்தின இலக்கம் என்ன?”

நான் முதல் இரண்டு இலக்கங்களை வாசித்தேன். மீதியை மாமியே சொன்னார், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்றையும். திரையில் இருந்தது அதுவேதான். அன்றைக்குக் கண்டும் எழுதாமல் விட்ட இலக்கத்தை அறுபது வருடத்துக்கு மேல் அவர் நினைவில் வைத்திருந்திருக்கிறார். அந்த இடத்தில்தான் காற்று திடீரென்று முறிந்து நின்றிருக்கிறது, குழாயில் பிழையே இல்லை என்றார். “நான் கண்டது சரி,” என்று மெல்லச் சொன்னார். அதன்பிறகு போனைப் பிடித்திருந்த என் கையைத் தள்ளிவிட்டார். கோபம். நான் எதிர்பார்க்காதது அது. அந்த வெள்ளைக்காரி கண்டுபிடித்திருக்கிறாள். படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்து, மறுபடி ஓட்டச் சொல்லி, ஒருவருக்கும் தெரியாமல் திருத்தி, பொறியியலாளரிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறாள். மாமியைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பாள். மாமியிடம் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருந்தால்? மாமியின் மூச்சு இழுத்தது. நான் மாத்திரையை நாக்கின் கீழ் வைத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, நானே கொன்றுவிட்டேனோ என்ற பயத்தோடு சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விடும் நேரத்தில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது.

அவர் தூங்கிவிட்டார் என்று எண்ணி எழும்பினேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்தப் பொடியன்ட பேர் போட்டிருப்பாங்களே. வாசி.”

மாமிக்குக் கைகொடுத்தபோது அந்த விமானிக்கு முப்பது வயதிருக்கும், மாமியைவிட மூத்தவர். இப்போது பார்த்தால் மாமிக்கு ஒரு பேரனின் வயது. அறிக்கையின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். மூன்று சொற்களில் முழுப்பெயர் இருந்தது. வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். நடுப்பெயரின் உச்சரிப்பில் நான் தடுமாற, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மாமி போய் ஒன்பது மாதமாகிறது. அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அவர் நாலு மாதம் இருந்தார். முப்பத்தொண்டு என்று ஒருநாளும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு, நான் எழுத்துகளைச் சொல்லி முடித்ததும், கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி, வகுப்பில் வரவு இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிற குரலில் அந்தப் பெயரை முழுதாக ஒருதரம் சொன்னார். சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.